கையெழுத்து: மறுத்தது

திங்கட்கிழமை காலை
நான்தான் முதலில் திறந்தேன்.
என் வேலை அதுவல்ல.
என் வேலை வரவு செலவு, தொலைபேசி,
பெற்றோர் கேட்கும் ரசீது,
பெற்றோர் கேட்காத ரசீது.
திறக்க வேண்டியவள் சாந்தகுமாரி.
கட்டபெட்டு வளைவில் காட்டெருமை நகர
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
மரியாதையாகக் காத்திருந்தாள்.

உள்ளே ஒரு வாசனை,
நனைந்த கம்பளியும் நல்லெண்ணெயும்.
புலன் அறையில் பீன் பேக் வயிறு கிழிந்து
தெர்மாகோல் மணிகள் தரையெல்லாம்.
கோத்தகிரி ஆலங்கட்டி மழை
இம்முறை கூரைக்குக் கீழே பெய்திருந்தது.
துணி ஊஞ்சலில் கறுப்பு முடி.
ஏறிப் பார்த்திருக்கிறது.

"கரடி" என்றார் வேன் ஓட்டும் பெள்ளி.
"வாரம் முழுக்கச் சொன்னேன், கேட்டீர்களா?"
அவர் வாரம் முழுக்கச் சொன்னது
டயரைப் பற்றி.

இரவுக் காவலர் ஜோகி ஆறு மணிக்கே
வீட்டுக்குப் போய்விட்டார்.
வருகைப் பதிவேடு மட்டும் ஒழுங்காக இருந்தது.
நேரம்: இரண்டு நாற்பது.
பெயர்: கரடி.
யாரைப் பார்க்க: சொல்லவில்லை.
கையெழுத்து: மறுத்தது.

வர்க்கியும் கறுப்புத் தேநீருமாகக் கூட்டம்.
தொழில்வழிச் சிகிச்சை ஃபஸீலா
கிழிசலைச் சாண் வைத்து அளந்தாள்:
"உடம்புக்கு அழுத்தம் தேடியிருக்கிறது.
கனப் போர்வை போர்த்தியிருந்தால் தூங்கியிருக்கும்."
பேச்சுப் பயிற்சி எட்வின் ஜெபராஜ்
எண்ணெய்ப் பாட்டில் படம் ஒன்றை
ஜன்னலில் ஒட்டலாம் என்றான்,
அடுத்த முறை கேட்டு வாங்கட்டும்.
சமையல் யோகேஸ்வரி சிரிக்கவில்லை.
போனது அவளுடைய அரை லிட்டர்.
எந்தத் தலைப்பில் எழுதுவாய் என்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
விருந்தோம்பல் என்றேன்.

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு
கண்ணாடியைத் தேடியபடி
டாக்டர் மிருணாளினி வந்தார்.
"சம்பவம் என்றால் படிவம்."
எங்களிடம் இருப்பது ஒரே படிவம், மூன்று கட்டம்.
முன் நடந்தது: ஜன்னல் தாழ்ப்பாள் போடவில்லை.
நடத்தை: நுழைந்தது, குடித்தது, கிழித்தது, ஆடியது.
பின் நடந்தது: எண்ணெய் கிடைத்தது. யாரும் திட்டவில்லை.
"அப்படியானால் மறுபடி வரும்"
என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

பேனாவை மூடும்போது எட்வின் சொன்னான்,
"இந்தப் படிவத்தில் முதல்முறையாக
எந்தப் பிள்ளை பெயரும் இல்லை."
கொஞ்ச நேரம் யாரும் வர்க்கியைத் தொடவில்லை.
பிறகு தொட்டோம்.

சரி, தாழ்ப்பாள் யார் பொறுப்பு?
பணிப் பட்டியல் நாலு பக்கம்.
கதவு சாந்தகுமாரி. கேட் ஜோகி.
திரைச்சீலை ஃபஸீலா,
வெளிச்சம் கூசும் பிள்ளைகளுக்காக.
ஜன்னல் என்ற சொல்லே எங்கும் இல்லை.
கரடி அதைப் படித்திருக்க வேண்டும்.

பெருக்கி முடிப்பதற்குள் வேன் வந்துவிட்டது.
வழியெல்லாம் பெள்ளி கதை சொல்லியிருக்கிறார்,
டயரையும் சேர்த்து.
அரவேனு நந்தீஷ்,
ஆறு மாதமாகப் புலன் அறை வாசலோடு நிற்பவன்,
செருப்பைக் கழற்றிச் சுவரோடு சேர்த்து வைத்தான்.
உள்ளே போனான்.
வெள்ளை மணிகளில் பாதம் புதைய
போனான், வந்தான், போனான்.
ஃபஸீலா துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.
நாங்கள் கைதட்டவில்லை.
அவனுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து
பட அட்டைப் புத்தகத்தைப் புரட்டி
இரண்டு அட்டைகளைப் பிரித்தெடுத்தான்.
ஒன்றில் கரடி.
இன்னொன்று: இன்னும்.
நேரே பெள்ளியிடம் போய்
உள்ளங்கையில் வைத்தான்.
வண்டியில் ஆள் கொண்டுவருவது
அவர்தானே.

பெள்ளி கண்ணாடி போட்டுப் படித்தார்.
"ஏற்றலாம் சாமி,
டயர் தாங்காது."

மாலையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு:
தெர்மாகோல் மணி, இரண்டு மூட்டை.
அதன் கீழே டயர், இரண்டு என்று
நானாகச் சேர்த்துக்கொண்டேன்.
தாழ்ப்பாள் விஷயம் இன்னும் முடிவாகவில்லை.
யோகேஸ்வரி மிச்ச எண்ணெயைக்
கைப்பையில் வைத்துக்கொண்டு
ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.