இரண்டாம் பகுதி

தாளின் தலையில் 'லார்கோ' என்று இருக்கிறது.
அகலம் என்று அர்த்தமாம். மெதுவாக என்பது நாங்கள் சேர்த்துக்கொண்டது.
பண்டாரவளையில் அகலமான இடம் ஏது?
தேவாலயத்தின் பின்மண்டபம், முப்பது அடிக்குப் பதினெட்டு,
இன்றிரவு அதிலும் பாதி, பாய்கள்.

மேற்பிரிவு லயத்துக்குப் பின்னால் மண் வாய் பிளந்திருக்கிறது.
சிவப்பு எச்சரிக்கை என்று சொல்லி
பதினொரு குடும்பங்களைக் கிராம சேவகர் இறக்கிவிட்டுப் போனார்.
பானை, சாமிப்படம், பள்ளிக்கூடப் பை,
காலில் நைலான் கயிறு கட்டிய ஒரு சேவல்.
ஒத்திகையை நிறுத்தப் பார்த்தோம்.
"நீங்க பாட்டுக்கு வாசிங்க" என்றார்கள்.

நாங்கள் நான்கு பேர்.
மெர்சலின், தோட்ட ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணித் தருபவள்,
ரெக்கோடர்.
நிலூகா, வங்கிச் சீருடை மாற்றாமல் வந்தவள், வயலின்.
செலோவுக்கு ஆளில்லை; தயாபரனின் ஹார்மோனியம்.
ஆறு பெற்றரி போட்ட கீபோட்டில் நான், இடது கை மட்டும்.
வலது கைக்கு இசை எழுதப்படவில்லை, எண்கள்தான் இருக்கின்றன.
பகலெல்லாம் மின்சார மீட்டர் படிப்பவன் நான்.
எண்களை நம்பி எதையும் அழுத்த மாட்டேன்.

ஈ மைனர். ஒரே ஒரு ஷார்ப்.
ஆனால் இந்தக் குளிரில் குழல் இறங்கிவிடும்.
மெர்சலின் அதைக் கம்பளிச்சட்டைக்குள், கக்கத்தில்,
அடைமுட்டை போல வைத்திருந்து எடுப்பாள்.
முதல் வரிகள் சரியாக நிற்கும்.
நடுவே எட்டு பார் ஓய்வு. அதற்குள் ஆறிப்போகும்.
மூச்சு நீராகி அலகில் அடைக்கும்.
அவள் கொஞ்சம் கீழே,
ஹார்மோனியம் இருந்த இடத்திலேயே,
இரண்டுக்கும் நடுவில் எவரும் வாசிக்காத ஒரு துடிப்பு
வூ... வூ... என்று எழும்.
எழுதியவருக்குத் தெரியாத சுருதி.
எங்களுடையது அதுதான்.

மெட்ரோனோம் போனில் இருக்கிறது;
மின்சாரம் போன பிறகு போன், டோர்ச்.
கூரை ஒழுகி வாளியில் விழும் சொட்டை எடுத்துக்கொண்டோம்.
நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு.
மழை வலுத்தால் ஐம்பது. யாரும் யாரையும் திருத்தவில்லை.
வாளியை ஊற்ற யாரோ தூக்கிப் போனபோது
ஒரு வரி முழுவதும் காலமே இல்லாமல் போனோம்.
மெர்சலின் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
பாயில் ஒரு பிள்ளை மறுபக்கம் புரண்டு படுக்கும் வரை.

நிகழ்ச்சி நிரலில் ஒரு கட்டம் உண்டு: 'பாவம்'.
துக்கம் என்றாள் நிலூகா, சிங்களத்தில்.
பக்தி என்றான் தயாபரன்.
குளிர் என்று எழுதேன் என்றாள் மெர்சலின்.
பாய்களைப் பார்த்த பிறகு அந்தத் தலைப்பையே
இரண்டாவது விதமாக வாசித்துவிட்டேன்.
அவர்கள் கேட்டால் அடிப்பார்கள்.

மெல்லிய பகுதி வீட்டுச் சுரத்தில் முடிவதில்லை.
கடைசியில் ஒரு பி மேஜர், திறந்து கிடக்கும் படலை மாதிரி.
அதற்குள்ளால் வேகமான மூன்றாம் பகுதி ஓடிவர வேண்டும்.
எங்களுக்கு அது வராது. விரல் போதாது.
அங்கேயே நிறுத்திவிடுகிறோம்.

நிறுத்தினோம்.
செவனம்மா எழுந்து உட்கார்ந்து
"சரி தம்பி, இந்தப் பாட்டு எப்பத் தொடங்கும்?" என்றார்.

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
ஏழு பேர்ச் காணிக்கான கடிதம்
பொலித்தீன் உறையில், அவர் தலைக்குக் கீழே.
டோர்ச் பட்டபோது திகதி தெரிந்தது.
ரீடிங் எடுத்துப் பழகிய கண்,
கழித்துப் பார்க்காமல் இருக்காது.
எட்டு வருடம், நான்கு மாதம்.

கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.
வாளி திரும்பி வந்தது.
வெற்று வாளியில் சொட்டுக்கு வேறு சத்தம்.
மெர்சலின் குழலை உதறி, துடைத்து,
மறுபடி கக்கத்தில் வைத்தாள்.