பதினேழாம் கட்டம்

தேமா துறைமுகத்தில் என் மேசைக்கு வரும் படிவத்தில்
முப்பத்தொரு கட்டங்கள்.
பதினேழாவது: உணவைத் தொடும் பொருளா?
ஆம் என்று குறித்தால் ஒரு முத்திரை.
இல்லை என்று குறித்தாலும் அதே முத்திரை.

செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியில்
எண்ணெய் ஊறாத காகிதம், பதினொரு டன்,
மங்கிய பழுப்பு, ஓரத்தில் அச்சடித்த கோதுமைக் கதிர்.
கூடவே, யாரோ எடுக்க மறந்த ஒரு தாள்:
ஆர்ஹூஸ் நகரத்து ஆய்வகம்,
ஃப்ளோரின், ஓர் எண், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
கீழே ஸிக்னெ ராவ்ன் என்று சின்னக் கையெழுத்து.
அங்கே அந்த எண்ணுக்கு ஒரு வரம்பு.
கடலைத் தாண்டியதும்
அது வெறும் எண்.

எங்களிடமும் கருவி ஒன்று உண்டு,
நன்கொடையாக வந்தது.
அதற்கு ஊட்ட வேண்டிய வாயு உருளை
இரண்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.
அதுவரை அதன்மேல்
அலுவலக நாட்காட்டி சாய்ந்திருக்கிறது.

நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
முத்திரை குத்தினேன்.
மதியம் இரண்டரைக்கு லாரி கிளம்பியது.

அடுத்த வியாழன் காலை, அஷைமான் சந்திப்பில்
லாமிஸியின் சட்டி முன்னால் நிற்கிறேன், எப்போதும் போல.
அரைத்த காராமணி மாவைக் கரண்டியால் அள்ளி விடுகிறாள்.
கொஸே புரண்டு புரண்டு சிவக்கிறது.
கம்பங்கூழைக் கொதிக்கக் கொதிக்க
மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி
கழுத்தைத் திருகி முடிச்சிடுகிறாள்.
பிறகு கொஸேவுக்கு ஒரு காகிதம்.
ஓரத்தில் கோதுமைக் கதிர்.

சொன்னேன். முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.
எண்ணெய் இதில் ஒட்டாது,
இது நம் இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றேன்.
அவள் தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்,
முகர்ந்தாள்,
நாக்கு நுனியால் தொட்டும் பார்த்தாள்.

"பாதி விலைக்குக் கொடுத்தான்.
கப்பலில் நனைந்திருக்கும் என்று நினைத்தேன்.
கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தேன், ஈரமே இல்லை.
அதிர்ஷ்டம்தான் என்று
இன்னும் இரண்டு கட்டு வாங்கிப் போட்டேன்."

எண்ணெய் புகையத் தொடங்கியது. விறகை வெளியே இழுத்தாள்.
"செய்தித்தாள் என்றால் மை என்பாய்.
இலைக்குக் கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்?
அங்கே இதை வேண்டாம் என்றார்களே,
அவர்கள் இப்போது எதில் மடிக்கிறார்கள்?
அதைச் சொல்லு."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

காகிதம் வேண்டாம் என்று கையை நீட்டினேன்.
உள்ளங்கையில் மூன்று கொஸே, சுடச்சுட.
தோல் எரிய, ஊதி ஊதித் தின்றேன்,
ஏதோ பெரிய தியாகம் செய்தவன் போல.
சுண்டுவிரலில் கூழ்ப்பை தொங்கியது.
பல்லால் ஓரத்தைக் கிழித்து உறிஞ்சியபோதுதான் உறைத்தது:
பையைப் பற்றி
எந்த ஊரிலிருந்தும் தாள் வரவில்லை.

எனக்குப் பின்னால் சீருடையில் ஒரு சிறுமி,
காசை எண்ணி வைத்தாள்.
லாமிஸி கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள்.
உருவியவள் நின்றாள்.
இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்,
என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் உள்ளே வரணும்,
அதையாவது சொல்லு."