கைகளை விரிங்கம்மா

வாரத்தில் ஆறு நாள்
மாலின் பெண்கள் வரிசை என் பொறுப்பு.
திரைக்குப் பின்னால் நின்று
கைகளை விரிங்கம்மா என்பேன்.
சாவி, கொக்கி, சில்லறை, கொலுசு
எல்லாவற்றுக்கும் ஒரே கூவல்தான்.
எது தங்கம், எது பிளேடு என்று
கருவிக்குத் தெரியாது.

ஏழாம் நாள்
சாப்பாட்டுப் பையில் அதைச் சுருட்டிக்கொண்டு
சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா.
முந்தைய இரவு நல்ல மழை.
நாலு விரற்கடைக்கு மேல்
அதற்குக் காது கேட்காது,
அதனால் முழங்கால் போட்டேன்.

கைகளை விரிங்கம்மா என்றேன் மண்ணிடம்,
பழக்கதோஷம்.

எட்டு நடக்கிறவர் ஒருவர்
என் காக்கிக் கால்சட்டையைப் பார்த்து
பாம் ஏதாவதா மேடம் என்றார்.
இல்லை சார், காசு.
அதற்குப் பிறகு அவர் எட்டு
என் பக்கம் வரும்போதெல்லாம் ஒன்பதானது.

சோடா மூடி. சோடா மூடி.
பாதி பிளேடு.
காண்டாமிருகம் போட்ட நாலணா.
தோட்டின் திருகு, தோடு இல்லை.
மறுபடி சோடா மூடி.

வாதாம் மரத்தடியில் கூவல் நிற்கவே இல்லை.
சாவியால் கிளறினேன்.
கறுத்துப்போன வெள்ளி,
பிள்ளை இடுப்பு அரைஞாண், ஒரு மணியோடு.
தானாக அறுந்தால் கண்ணி வாய் பிளந்திருக்கும்.
இது நறுக்கியது.
இரண்டு முனையும் தட்டை.

சறுக்குமரத்து வரிசையில் நின்ற பிள்ளை
இடுப்பில் சில்லென்றதும்
எறும்பு என்று நினைத்திருக்கும்.
வீட்டில் அடி வாங்கியதும் அதுதான்.
குறடு கொண்டுவந்தவன்
புதைத்துவிட்டு ஏன் திரும்பவில்லை?
பிடிபட்டானா,
மரத்தை மறந்துவிட்டானா,
அவனுக்கும் அந்த வயதில் ஒன்று இருந்ததா?
பை பையாகப் பார்த்த பதினோரு வருஷத்தில்
பதில் தெரிந்துகொண்ட ஒரு கேள்விகூட
எனக்கு ஞாபகம் இல்லை.

வாட்ச்மேன் காதர் மொய்தீன்
பங்கு கேட்கத்தான் வந்தார்.
உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.
மணி கொஞ்சம் அசைந்தது.
பிள்ளையோடது, யாராவது வருவாங்க என்று
கொட்டகை ஆணியில்
யாரோ மறந்துபோன குடைக்குப் பக்கத்தில் மாட்டினார்.

திங்கள் காலை
வேலைக்கு நுழையும்போது என்னைச் சோதித்தவள் பரிபூரணம்.
கால்சட்டைப் பையில் கூவியது.
என்னக்கா?
செல்லாத காசு.
அப்ப போங்க.

அடுத்த ஞாயிறு
கருவியில்லாமல் போனேன்,
ஆணியை மட்டும் பார்க்க.

குடை இருந்தது.