குத்துக்கால்

ஓடி வருவாள், பாதியில்
குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள்.
விளையாட்டு என்றுதான் நினைத்தார்களாம்.
நாவற்பழம் தின்ற வாய்போல் உதடு.
பெயர் தன்சிகா. மூன்று வயது. பத்தரைக் கிலோ.

காசிமேட்டில் பார் ஐஸ் உடைக்கிறவர் தேசிங்கு.
படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்
என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:
"நெஞ்ச நிறுத்திட்டு ஐஸ் வெப்பீங்களாமே மேடம்?"
ஆமாம் என்றேன்.
"பொடியா ஒடச்சி வெய்யுங்க. கட்டின்னா குத்தும்."

அவர் அறிந்த ஐஸில்
வஞ்சிரமும் சங்கராவும் கண் திறந்தபடி கிடக்கும்.
எதுவும் அதிலிருந்து எழுந்து துடித்ததில்லை.
அதை அவரும் சொல்லவில்லை,
நானும்.

என் வேலை பம்ப்.
அறுவை மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்,
விரல் பருமனில் குழாய்கள்.
முன்பின் தெரியாத யாரோ
வியாசர்பாடி முகாமில் கொடுத்துவிட்டு
ஜூஸ் குடித்து பஸ் ஏறிப் போன ரத்தம்
குழாய்களை நிரப்பிக் காத்திருந்தது.

"பம்ப் ஆன்."
"கிளாம்ப்."
மானிட்டரில் மேடுகள் தாழ்ந்து தாழ்ந்து
கோடு நேரானது.
நுங்கு அளவுதான் இருக்கும்,
குளிரில் படுத்துவிட்டது.

அதன்பின் அவளுக்கு இதயமென்று இருந்தது
என் வலக்கைப் பக்கம் சுழன்ற உருளை மட்டும்.
வந்த இருமலை விழுங்கினேன்.
டாக்டர் இந்துமதி
இதயம் போர்த்தியிருந்த உறையிலேயே ஒரு துண்டு வெட்டி
ஓட்டையை அடைத்தார்.
முடியைவிட மெல்லிய நூல். யாரோ ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னார்கள்.
அறுபத்திரண்டு நிமிடம்.

"சூடு ஏத்துங்க."
இருபத்தெட்டு. முப்பது. முப்பத்து மூன்று.
கிளாம்ப் எடுத்தாயிற்று.
ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
இரண்டாவது நிமிடமும்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நெளிவு,
வாளிக்குள் விரால் புரளுவதுபோல்.
அப்புறம் ஒன்று.
ஒன்று.
நான் பம்பைக் குறைத்துக்கொண்டே வந்தேன்,
சைக்கிள் சீட்டைப் பிடித்து ஓடியவர்
கையை எடுப்பதுபோல், அவளுக்குத் தெரியாமல்.

ஏழாம் நாள் வார்டு நடையில்
அப்பா விரலை உதறிவிட்டு ஓடினாள்.
நடுவில் சட்டென்று குந்தினாள்.

தேசிங்கு நின்ற இடத்திலேயே நின்றார்.
நர்ஸ் கையில் டிரே நின்றது.
நான் உதட்டைத்தான் பார்த்தேன்.

தரையில் ஓர் எறும்பு
தன்னைவிடப் பெரிய பன் துணுக்கை
இழுத்துக்கொண்டு போனது.
"ப்பா, இத்தப் பாரேன்" என்றாள்.