சொல்லாமல்

பட்டர்வொர்த்தில் பேருந்தை விட்டிறங்கி
ஃபெரியில் நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தேன்.
பதினேழு வருடம்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, கீழே கூடாரம்.
பெட்டிக்குள் தர்மலிங்க மாமா,
அப்பாவோடு போட்ட சண்டை
மறந்துபோன முகத்தோடு.
ஒரு பழைய லோரி. அதில் பாதி விலை.
அவ்வளவுதான் சண்டை.

“நீ யாரு வூட்டுப் பிள்ள?”
அப்பா பெயரைச் சொன்னேன்.
சொல்லும்போதெல்லாம்
நாற்காலிகள் ஒரு நொடி யோசித்தன.

புஷ்பலீலா யோசிக்கவில்லை.
“பசியாறிட்டியா?” என்று
ரஃபியா கயிறு கட்டிய பாக்கெட்டில்
தே ஓ நீட்டினாள்.
கொதித்தது. கை மாற்றி மாற்றிக் குடித்தேன்.

பத்து லஞ்சாங்கில்
மூத்தவன் பொத்தானை அழுத்த,
இளையவன் என் தோளில் சரிந்தான்.
சட்டை நனைந்தது.
அவன் பெயரைக் கேட்க வெட்கமாயிருந்தது.

சாவுக்கு வந்த இடத்தில்
போய்வரேன் சொல்லக்கூடாது.
படியில் குவிந்த செருப்புகளுக்குள்
காலை விட்டுக் கிளம்பினேன்.

நடுக்கடலில்தான் உறைத்தது:
வலது என்னுடையது.
இடது ஒரு நம்பர் பெரிசு.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.
“அண்ணே, நான் மகிழன்.
என் சிலிப்பர் ஒன்னு உங்க கால்ல போயிருச்சு.
பரவால்ல,
பதினாறாம் நாளுக்கு வரப்ப கொண்டாங்க.”