கழுகுக்குக் கீழே

மத்திய வங்கி ஆளுநர் மேல் இருபத்தாறு குற்றச்சாட்டு
என்றது காலை வானொலி.
பத்து மணிக்குள் லுசாக்கா சந்தையில்
ஆளாளுக்கு நோட்டைத் திருப்பிப் பார்த்தார்கள்,
கழுகுக்குக் கீழே அந்தக் கையெழுத்தை.
"இவன்தானா?" என்றது தக்காளிக் கடை,
முகம் தெரியாத ஆளை
இத்தனை நாள் மடியில் முடிந்து வைத்திருந்ததுபோல.

"கைதி கையெழுத்துப் போட்ட காசு செல்லாது, இறங்கு!"
மினிபஸ் நடத்துநன் கத்தினான்.
பஸ்ஸே சிரித்தது.
பிறகு வாங்கிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை ஜாமீன்,"
உதட்டில் ஆணியோடு சொன்னார் செருப்பு தைப்பவர்.
"நன்றாகப் படித்த பிள்ளை" என்றார் ஒருவர்.
அதை யாரும் மறுக்கவில்லை.

கப்பெண்டாக் கருவாட்டைக் கோப்பையில் அளக்கும்
முத்தின்டா மட்டும் பேசவில்லை.
போன மழைக்காலத்தில்
அவர்கள் சீட்டில் இருபது குவாச்சா குறைந்தது.
பதினொரு பெண்கள்,
மெழுகுவத்தி தீரும்வரை எண்ணினார்கள்.
ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.
கடைசியில்
சிலூஃப்யா மகனின் பள்ளி ஷூவுக்குள் கிடைத்தது.

இப்போது கேட்கிறாள்,
கோப்பை விளிம்பைத் தட்டிச் சமன் செய்தபடி,
யாரிடம் என்றில்லாமல்:
"அங்கே எண்ணும்போது
கூட எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?"

ஐம்பதை நீட்டியவர்
கொசுறு கேட்கிறார்.