மூத்தவன்

கணக்கு நோட்டின் ஓரத்தில்தான் முதலில் பார்த்தேன்.
பின்னங்களுக்கும், அவன் கிறுக்கிய ஒரு படகுக்கும் நடுவே
அழித்து அழித்து எழுதிய எண்:
நாலாயிரத்து நூற்றுப் பதினைந்து.
பக்கத்தில் மூன்று சின்னக் கோடுகள்.
லீப் வருடங்களைக்கூட விடவில்லை ஐவிந்த்.

எனக்குப் புரிவதற்குள்
அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்து குழைந்துவிட்டது.
இங்வில் இருந்த நாட்கள் அவை.
கடைசி நாளையும் முழு நாளாகவே எண்ணியிருக்கிறான்.
அவள் போனது விடிகாலை நான்கு மணிக்கு என்று
அவனிடம் நாங்கள் சொன்னதில்லை.

லோஃபோட்டனில் மார்ச் என்றால் காட் மீன்.
உடல்கள் மரச்சட்டங்களில் காயும்.
தலைகள் காய்ந்து நைஜீரியாவுக்குக் கப்பலேறும்.
நாக்கு மட்டும் பிள்ளைகளுக்கு; அது இங்கே வழக்கம்.
பள்ளி விட்டதும் ரப்பர் அங்கியை மாட்டிக்கொண்டு
ஆணியில் தலையைக் குத்தி நிறுத்தி
ஒரே இழுப்பு, நாக்கு வாளியில்.

மணிக்கு நானூறு அறுப்பாள் இங்வில்.
அவளே சொல்லிக்கொண்டதுதான், நான் எண்ணியதில்லை.
தம்பி தலைகளை எடுத்துக் கொடுப்பான்.
காசில் அவளுக்கு இரண்டு பங்கு, அவனுக்கு ஒன்று.
“ஏன்?”
“நான் மூத்தவ.”
அதற்கு மேல் இந்த வீட்டில் முறையீடு கிடையாது.

பிறகு எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகிவிட்டார்கள்.
பக்கத்து வீட்டு ஓலாவ் எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுக்
கதவைத் தட்டாமலே போனார்.
தெர்யே ஒரு குளிர்காலம் முழுக்கப் படகிலேயே தூங்கினார்;
நான் கூப்பிடவில்லை,
கூப்பிட்டால் வந்துவிடுவாரோ என்று பயம்.

பல் மருத்துவமனையில் புதிதாக வந்த பெண் கேட்டாள்:
எத்தனை பிள்ளைகள்?
இரண்டு என்றேன்.
பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு
இருவருக்கும் நேரம் குறித்துச் சீட்டுத் தந்தாள்.
நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு
விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஒரு நாற்காலி
அவளுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கும்.

நான்கு பருவமாக அவளுடைய கத்தியில்தான் அறுக்கிறான்.
ராத்திரி சமையல் மேசையில் காசைப் பரப்பி
இரண்டு பங்கு அவள் பிஸ்கட் டப்பாவில்.
நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.
தடுக்கவும் தெரியவில்லை.
போன மாதம் அவளுடைய மழைக்கோட்டு
அவனுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.
இப்போது மணிக்கட்டு வெளியே தெரிகிறது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது.
காலையில் அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பழுப்புச் சீஸ் தடவிய ரொட்டி இரண்டு தின்றான்,
மூன்றாவதைக் கடித்தபடியே,
அக்காவைவிட ஒரு நாள் பெரியவன்,
ஷூ லேஸைக் கட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினான்.
அக்கா என்ற அந்தச் சொல்
அவனோடு ஓடியதா
வழியில் பனியில் விழுந்ததா
நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், தெரியவில்லை.

இரவு மீன் வாடையோடு வந்தான்.
கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து எண்ணினான்.
திரும்ப எண்ணினான்.
ஒரு பங்கை டப்பாவில் போட்டான்.
இரண்டைத் தன் பக்கம் இழுத்து
உள்ளங்கையால் மூடிக்கொண்டு
எங்களைப் பார்க்காமல் சொன்னான்:
“இனிமே நான்தான் மூத்தவன்.”

தெர்யே கரண்டியைக் கீழே வைத்தார்.
காது மடல் சிவந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.
“அவ விடமாட்டா” என்றார்.
“தெரியும். சண்டைக்கு வருவா.”
“வருவா” என்றேன் நானும்.

மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்,
மாடிப்படியைப் பார்த்தபடி.
சூப் ஆறியது.
காசை யாரும் எடுக்கவில்லை.